ஊர்ப் பொதுக்கடை ஏன் உங்கள் பெயரில் ஓடுகிறது?

வாசகியின் கடிதம்

டெல்டா மாவட்டம் ஒன்றின் கடைக்கோடிக் கிராமம். ஊரில் இருந்த ஒரே மளிகைக் கடையை அதை நடத்தியவர் மூடிவிட்டுப் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார். அதன் பிறகு உப்பு, தீப்பெட்டிக்குக்கூட பஸ் ஏற வேண்டிய நிலை. 2021-இல் 83 குடும்பங்கள் தலா 5,000 ரூபாய் போட்டு, ஊராட்சியின் பல்நோக்கு மையக் கட்டடத்தில் ஒரு பொதுக்கடையைத் தொடங்கின. முன்பக்கம் கடை. பின்பக்க ஹாலில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், விசேஷ நாட்களில் காதுகுத்து, வளைகாப்பு. ஓர் ஓரத்தில் கம்ப்யூட்டர் வைத்து, சான்றிதழ் விண்ணப்பிப்பது, கரண்ட் பில் கட்டுவது போன்ற சேவைகள். கடிதம் எழுதிய 41 வயது வாசகிதான் பொருளாளர்.

கடை நன்றாகவே ஓடுகிறது. போன வருடம் 26 லட்சம் ரூபாய்க்கு விற்பனை. பங்கு போட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொங்கலுக்கு 600 ரூபாய் லாபம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மூன்று சிக்கல்கள். கட்டடத்தைக் காலி செய்யும்படி ஊராட்சியின் தனி அலுவலர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். பங்கு போட்டவர்களில் ஒருவர், போட்ட பணத்தை வட்டியோடு திருப்பித் தராவிட்டால் போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறார். எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது என்பதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். “நல்லது செய்யப் போய் நான் மாட்டிக்குவேனோன்னு ராத்திரி தூக்கம் வரல மேடம்” என்று முடிகிறது கடிதம்.

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், கேட்காமலே மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது: “சரக்கு போடப் பணம் பத்தாதப்ப ஊர்ல 19 பேர்கிட்ட டெபாசிட் வாங்கினோம், நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, அது ஒழுங்கா போய்க்கிட்டிருக்கு.” மொத்தம் 4,60,000 ரூபாய். கட்டடத்தைவிடவும், கோபித்துக்கொண்டு போகிற பங்குதாரரைவிடவும் இதுதான் அவசரம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டெபாசிட்டை இன்றோடு நிறுத்துங்கள்

முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. அது ஊரை ஏமாற்றுகிற நிதி நிறுவனங்களுக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வைப்பு வாங்குபவர் யார் என்று அந்தச் சட்டம் சொல்லும் வரையறைக்குள் தனிநபர், நான்கு பேர் சேர்ந்த குழு, கூட்டாண்மை, அறக்கட்டளை எல்லாமே வருகின்றன. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அனுமதி இல்லாத வைப்புத் திட்டத்தில் பணம் வாங்கியதற்கே 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். திருப்பித் தராமல் போனால் இன்னும் கடுமை. தமிழ்நாட்டில் வைப்புப் போட்டவர்களின் நலனைப் பாதுகாக்கும் டான்பிட் (TNPID) சட்டமும் 1997-லிருந்தே இருக்கிறது. புகார் போனால் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரிக்கும்.

பதற வேண்டாம். ஒரு கடைக்காரர் தெரிந்தவரிடம் அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவதை யாரும் இந்தச் சட்டத்துக்குள் இழுப்பதில்லை. வைப்பு வாங்குவதையே ஒரு தொழிலாக நடத்தினால்தான் சட்டம் பாயும், விலக்குகளும் உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் கரும்பலகையில், பருப்பு விலைக்குக் கீழே சாக்பீஸால் எழுதியிருக்கிறது: “டெபாசிட் பெறப்படும். 100க்கு 1 ரூ.” அந்தப் பலகை, வரிசை எண் போட்ட ரசீதுகள், 19 பேர்… இவ்வளவையும் வைத்துக்கொண்டு இது வெறும் கைமாற்றுதான் என்று கோர்ட்டில் வாதாட எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கும். ரசீதுகள் அத்தனையிலும் இருப்பது உங்கள் கையெழுத்து.

அந்த வரியை இன்றே அழியுங்கள். புதிதாக ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஆனால் பயத்தில் ரசீதுப் புத்தகத்தைக் கிழித்துவிடாதீர்கள், பேரேட்டில் எதையும் திருத்தாதீர்கள். வாங்கியதையும் வட்டி கொடுத்ததையும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறீர்களே, நாளைக்கு உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். 19 பேரையும் உட்காரவைத்து, நான்கைந்து மாதத்துக்குள் முழுப் பணமும் திரும்பி வரும்படி ஒரு பட்டியல் போடுங்கள். எல்லோருக்கும் ஒரே விகிதம். வேண்டியவருக்கு முழுசாகவும் மற்றவருக்குப் பாதியாகவும் கொடுத்தால் அங்கேதான் புகார் முளைக்கும். வைப்புத் தொகை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் வங்கி வழியாகத்தான் வாங்கவும் திருப்பித் தரவும் வேண்டும் என்பது வருமானவரிச் சட்டத்தின் விதி. ரொக்கமாகக் கொடுத்தால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் இருப்புப் பட்டியலில் 1,10,000 ரூபாய்க்கு சில்வர் பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும் இரண்டு வருடமாகத் தூங்குகின்றன. டெபாசிட் பணத்தில் வாங்கிப் போட்ட சரக்கு அதுதான் என்று நினைக்கிறேன். வாங்கின விலைக்கே தள்ளிவிடுங்கள். மீதியை மாத வரவிலிருந்து கட்டலாம்.

தீபாவளிச் சீட்டைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள்: மாதம் 300 வீதம் பத்து மாதம் கட்டினால், 3,000 ரூபாய்க்கு மளிகையும் ஒரு எவர்சில்வர் தூக்கும். இது பொருளுக்கான முன்பணம் என்பதால் வேறு கணக்கு. நடத்தலாம். பொருளாக மட்டும் கொடுங்கள். பணமாகக் கூட்டித் தருகிறோம் என்ற பேச்சே கூடாது. சொன்ன தேதியில் கொடுத்துவிட வேண்டும். பொருள் கொடுக்க முடியாமல் பணத்தைத் திருப்ப வேண்டி வந்தால், 15 நாளுக்குள் திருப்பாத முன்பணத்தை வைப்பாகத்தான் சட்டம் பார்க்கும். அந்தப் பணத்தை அன்றாடக் கல்லாவோடு கலக்காதீர்கள். தீபாவளி நெருங்கும்போது சீட்டுப் பணம் கைவசம் இல்லாத கடைகளைப் பற்றி நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள்.

க்யூஆர் அட்டையில் உங்கள் பெயர்

கடையின் வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலும் செயலாளர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. கல்லா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையில் உங்கள் பெயர். மொத்த வியாபாரி போடும் பில்லில் உங்கள் பெயர். கரண்ட் மீட்டர் மட்டும்தான் ஊராட்சி பெயரில். “எங்களுக்குள்ள நம்பிக்கை இருக்கு, 83 பேரும் 20 ரூபாய் பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கோம்” என்கிறீர்கள். அந்தப் பத்திரம் வீணில்லை. யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் பத்திரம் எழுதியதால் சட்டத்தின் கண்ணில் ஒரு அமைப்பு பிறந்துவிடாது. இன்றைய நிலையில் 26 லட்சம் ரூபாய் வரவும் உங்கள் பான் எண்ணில்தான் பதிவாகிறது. அது என் வருமானம் இல்லை என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில். மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு; யாராவது கணக்கைத் தோண்டினால் அங்கேயும் பதில் சொல்ல வேண்டி வரும். கடவுள் புண்ணியத்தில் உங்களுக்கோ செயலாளருக்கோ ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் ஆகிவிட்டால், அந்தப் பணத்துக்கு வாரிசுகள் வந்து நிற்பார்கள். 83 குடும்பமும் வெளியே நிற்கும்.

இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. வியாபாரம் செய்து லாபம் ஈட்டுவதற்காக 50 பேருக்கு மேல் சேர்ந்தால், பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 464. (சட்டம் 100 பேர் வரை வரம்பு வைக்கலாம் என்கிறது, விதிகளில் 50 என்று நிர்ணயித்திருக்கிறார்கள்.) மீறினால் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அதோடு, அந்த வியாபாரத்தின் கடன் முழுவதற்கும் அவரவர் சொந்தப் பொறுப்பு. பொதுச்சேவைதானே செய்கிறோம் என்று சொல்லித் தப்பிக்க, அந்த 600 ரூபாய்ப் பொங்கல் பங்கு இடம் கொடுக்காது. இதற்காகக் கிராமத்துக் கடை மேல் வழக்குப் போட்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்களிடம் கோபித்துக்கொண்ட ஒருவருக்கு ஒரு வக்கீல் கிடைத்தால் இதைத்தான் முதலில் எடுப்பார்.

எந்தப் பதிவு?

உங்கள் கடிதத்தில் மூன்று யோசனைகள் இருக்கின்றன. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

“சங்கமா பதிவு பண்ணிடுங்க, வரியே கிடையாது” என்றாராம் ஒருவர். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதிவு செய்யலாம். செலவு குறைவு. ஆனால் அப்படிப்பட்ட சங்கத்தின் வருமானத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அடுத்த பொங்கலுக்கு 600 ரூபாய் இல்லை என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லத் தயாரா? வரி கிடையாது என்பதும் தவறு. பதிவு செய்ததால் மட்டும் எந்தச் சங்கத்துக்கும் வரிவிலக்கு வந்துவிடாது. டியூஷன் நடத்த, நூலகம் வைக்க இந்த வடிவம் அருமை. மளிகைக் கடைக்குப் பொருந்தாது.

“எஃப்பிஓ ஆரம்பிச்சா அரசாங்கம் 18 லட்சம் தரும்” என்றாராம் இன்னொருவர். எஃப்பிஓ என்றால் உழவர் உற்பத்தியாளர் அமைப்பு. அதற்காக 2020-இல் வந்த மத்தியத் திட்டத்தில் 18 லட்சம் என்ற தொகை உண்டுதான். அது மூன்று ஆண்டுகளில் மேலாளர் சம்பளம், அலுவலகச் செலவு போன்றவற்றுக்காக. கடைக்குச் சரக்கு போட அல்ல. சமவெளியில் குறைந்தது 300 விவசாயிகள் வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனியை 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தே பதிவு செய்யலாம், ஆனால் அதில் உறுப்பினர் ஆகிறவர் உற்பத்தியாளராக இருக்க வேண்டும். உங்கள் 83 குடும்பங்களில் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் வெளிநாட்டுப் பணத்தில் வாழ்கிறவர்களும்தான் பாதி. நெல் கொள்முதலுக்கு வேண்டுமானால் பிற்காலத்தில் யோசிக்கலாம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பது மூன்றாவது யோசனை. 200 பேர் வரை பங்குதாரர் ஆகலாம், லாபம் பிரிக்கலாம். ஆனால் வருடாவருடம் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் தாமதமானால், படிவம் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே போகும். ஊர்க்கடை நடத்துகிறவர்கள் மறந்துபோவார்கள். பங்கு அதிகம் வாங்கியவர் கை ஓங்கவும் வழி இருக்கிறது.

என் யோசனை கூட்டுறவுதான்: 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி ஒரு கூட்டுறவு பண்டகசாலை. எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி விற்று ஆரம்பித்த கடையும், 1904-இல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் உங்களைப் போன்றவர்கள் தொடங்கியவைதான். ரோச்டேல்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம், லாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்குத் தக்கபடி பிரித்த முறை. உங்கள் ஊரில் மாதம் 4,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிற குடும்பத்துக்கும் 600, டவுனில் எல்லாம் வாங்கிவிட்டு உப்புக்கு மட்டும் வருகிறவருக்கும் 600. பிறகு “நம்ம ஆளுங்களே நம்ம கடையில வாங்க மாட்டேங்குறாங்க” என்று வருத்தப்படுகிறீர்கள். கொள்முதல் அட்டை ஒன்று போட்டுப் பாருங்கள். சட்டப்படியான நிதிகளுக்கு ஒதுக்கியது போக மிச்சம்தான் பிரிக்க முடியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதில் உள்ள சங்கடங்களையும் மறைக்க விரும்பவில்லை. கூட்டுறவுத் துறையின் பிடி இறுக்கமானது. தணிக்கைக்குத் தனித் துறையே இருக்கிறது. நிர்வாகக் குழுத் தேர்தலை நீங்கள் நினைத்த நேரத்தில் நடத்த முடியாது. கணக்கில் குளறுபடி என்றால் ‘81 போட்டிருக்காங்க’ என்பார்கள், அதாவது பிரிவு 81-இன் கீழ் விசாரணை. நிர்வாகக் குழுவைக் கலைக்கவும் அதிகாரம் உண்டு. பதிவு கேட்டுப் போனால், ஏற்கனவே உள்ள சங்கத்தைத் தாண்டி இன்னொன்று எதற்கு, அது தாக்குப்பிடிக்குமா என்று துருவுவார்கள். மூன்று வருட வரவு செலவு கையில் இருப்பதால் அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது. இந்தத் தலைவலிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உங்களுக்கு இதுவே தோதானது. சரகத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் போய், முன்மொழியப்பட்ட சங்கத்துக்கு அமைப்பாளராக யார் கையெழுத்திடலாம், பங்குத்தொகையை எந்த வங்கியில் எந்தப் பெயரில் வைக்கலாம் என்று கேளுங்கள். அந்தப் புதுக் கணக்கு தயாரானதும் உங்கள் பெயரில் உள்ள க்யூஆர் அட்டையைக் கழற்றுங்கள்.

கட்டடம்

“எம்எல்ஏ எங்களுக்குக் கட்டிக் கொடுத்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டினாலும் கட்டடம் ஊராட்சியின் பொதுச் சொத்து. கடை நடத்துகிறவர்களுக்கு அதில் உரிமை இல்லை. அனுமதி இருந்தால் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். முன்னாள் தலைவர் லெட்டர்பேடில் “நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறேன்” என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் அப்படிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஊராட்சிச் சொத்தைக் கொடுக்க மன்றத் தீர்மானமும் முறைப்படியான ஒப்பந்தமும் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப் பதிவும் கட்டாயம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு உங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த மன்றத்தின் அதிகாரம் இப்போது அவர் கையில்.

அதற்காக, வாயால் சொன்னவுடன் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. எழுத்தில் கொடுங்கள், எங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள் என்று பணிவாக ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மூன்று நகல் கேளுங்கள்: கட்டடம் பதிவாகியுள்ள சொத்துப் பதிவேட்டின் பக்கம், அது எந்த உபயோகத்துக்காகக் கட்டப்பட்டது என்ற நிர்வாக அனுமதி ஆணை, கடை பற்றிய தீர்மானம் ஏதாவது இருந்தால் அது. 30 நாளில் பதில் வர வேண்டும். வாடகை நிர்ணயித்து முறைப்படி அனுமதி தரும்படி அதே மனுவில் கேட்டுவிடுங்கள். இத்தனை வருடம் வாடகையே கொடுக்கவில்லை என்பது உங்களுக்கு எதிராகப் பேசும். கொடுக்கத் தயார் என்று நீங்களே முதலில் சொல்வது நல்லது.

“கிராம சபையில தீர்மானம் போட்டா கலெக்டரே மாத்த முடியாது” என்ற பேச்சை எல்லா ஊரிலும் கேட்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கூட்டங்களில் அடுத்து வருவதில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஊர் இந்தக் கடையை விரும்புகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை. அதிகாரி அதை எளிதில் ஒதுக்கவும் முடியாது. ஆனால் கிராம சபைத் தீர்மானம் குத்தகைப் பத்திரம் ஆகிவிடாது.

ஹால் வாடகைதான் இதில் உங்கள் பலவீனம். ஒரு விசேஷத்துக்கு 1,500 ரூபாய் வாங்கி, விளக்கு, கூட்டிப் பெருக்கும் செலவு போக மீதியைக் கடைக் கல்லாவில் சேர்த்திருக்கிறீர்கள். ஊராட்சிக் கட்டடத்தின் வாடகை ஊராட்சிக்குப் போக வேண்டிய பணம். தனி அலுவலரின் கோபத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். அவருக்கும் தணிக்கை இருக்கிறதல்லவா? இதுவரை வாங்கியதற்குக் கணக்குப் போட்டு மனுவோடு இணையுங்கள். இனி ஹால் வாடகைக்கு ஊராட்சியே ரசீது போடட்டும். சாவியும் பராமரிப்பும் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று உங்கள் ஆடிட்டர் சொன்னது, பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு. ஹால் வாடகை, கம்ப்யூட்டர் சேவைக் கட்டணம் என்று சேவை வருமானமும் கலந்தால் வரம்பு 20 லட்சம். வரிவிலக்கு உள்ள பொருள்களின் விற்பனையும் இந்தக் கணக்கில் சேரும். நீங்கள் 26 லட்சத்தில் நிற்கிறீர்கள். ஹாலை ஊராட்சியிடமும், கம்ப்யூட்டர் சேவையை ஏற்கனவே அதன் லாகின் ஐடி யார் பெயரில் இருக்கிறதோ அந்தத் தம்பியிடம் அவர் சொந்தத் தொழிலாகவும் விட்டுவிட்டால், கடை வெறும் கடையாகிவிடும். கடந்த வருடத்துக்கு என்ன செய்வது என்பதை மட்டும் ஆடிட்டரிடம் இந்த வாரமே பேசுங்கள். மூன்று வருமானத்தையும் தனித்தனியே எழுதிக்கொண்டு போங்கள்.

தெற்குத் தெரு

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்கிறேன். ஊரில் 130 வீடு, பங்கு போட்டது 83 என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் “தெற்குத் தெருவுல யாரும் போடல, அவங்களும் கேக்கல, ஆனா சாமான் இங்கதான் வாங்குறாங்க” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் யாராவது போய்க் கேட்டீர்களா? ஹாலில் அவர்கள் வீட்டு வளைகாப்பு இதுவரை நடந்திருக்கிறதா? கடிதத்தில் இரண்டுக்கும் பதில் இல்லை.

பொதுக் கட்டடத்தையோ கடையையோ பயன்படுத்த சாதியைச் சொல்லித் தடுத்தால், 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். நீங்கள் யாரையும் தடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஊராட்சிக் கட்டடத்தில் ஊரின் ஒரு பகுதி மட்டும் பங்குதாரராக இருக்கிற கடைக்கு அனுமதி கேட்டால், தனி அலுவலர் மறுப்பதற்கு இது ஒன்றே போதும். கூட்டுறவில் தகுதியுள்ள எவருக்கும் உறுப்பினராகும் வாய்ப்பு திறந்திருக்க வேண்டும். 5,000 ரூபாயை ஒரே தவணையில் போட முடியாமல்தான் பலர் ஒதுங்கியிருப்பார்கள். பங்கின் மதிப்பைக் குறைத்து வையுங்கள். கிராம சபைக்கு முன்பாகவே நீங்களும் இன்னும் இரண்டு பெண்களும் தெற்குத் தெருவுக்குப் போய் வீடு வீடாகப் பேசுங்கள். ஆட்களை அனுப்பிக் கூப்பிட்டுவிடாதீர்கள், நேரில் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்பவர்

அவரைத் துரோகி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்பதில் பாதி நியாயம். வெளியேறுகிறவருக்கு என்ன கொடுப்பது என்று பத்திரத்தில் நீங்கள் எழுதவே இல்லை. போட்ட 5,000 ரூபாயை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து, “இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை” என்று கையெழுத்து வாங்குங்கள். கடை வளர்ந்திருப்பதால் அதற்கு மேலும் கேட்டால், ஆடிட்டர் போடும் கணக்கில் அவர் பங்குக்கு வருவதைக் கொடுங்கள். பங்குப் பணத்துக்கு வட்டி கிடையாது. வருடாவருடம் லாபம் வாங்கியிருக்கிறார். போலீஸ் மிரட்டலில் இந்த 5,000 பெரிதாக நிற்காது, அது சிவில் தகராறு. அவர் டெபாசிட் பலகையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால்தான் விஷயம் வேறு.

சில்லறை விஷயங்கள், ஆனால் விடாதீர்கள்

கடன் நோட்டில் 2,30,000 ரூபாய் நிற்கிறது. தவணை குறிக்காமல் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட, சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. பழைய பாக்கி உள்ளவர்களிடம், கெடு முடிவதற்குள் “இவ்வளவு தர வேண்டியிருக்கிறது” என்று நோட்டிலேயே தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடும். சொந்தக்காரர்களிடம்தான் முதலில் வாங்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட வேண்டும். உங்கள் படத்தில் தெரியும் ஸ்டிக்கர் பழையது. பருப்பை மூட்டையாக வாங்கி ஒரு கிலோ பாக்கெட் போட்டு அடுக்கியிருக்கிறீர்கள். அப்படி முன்கூட்டியே பாக்கெட் போட்டால் அதன் மேல் பெயர், முகவரி, எடை, மாதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட வேண்டும். நிறுத்துக் கொடுப்பது சுலபம். உணவுப் பொருள் விற்பதற்கான உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு முன்னாள் கடைக்காரர் பெயரிலேயே சுவரில் தொங்குகிறது. அது செல்லாது, புதிதாக எடுங்கள்.

கையில் காசில்லை என்றால் வக்கீல் வைக்கத் தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது டெபாசிட் ரசீதுப் புத்தகம், பேரேடு, 83 பேர் கையெழுத்திட்ட பத்திரம், கடந்த மூன்று வருட வங்கி அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முன்னாள் தலைவர் கொடுத்த கடிதத்தின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.